ஆர்லிங்டன் ரோ: நெசவாளர் கல்வீடுகள்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில், பைபரி கிராமத்துக் கோல்ன் ஆற்றை அடுத்து நிற்கும் இவ்வீட்டு வரிசை, ஏறத்தாழ 1380-ஆம் ஆண்டில் மடாலயத்தாரின் கம்பளிப் பண்டகசாலையாக எழுந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடும்பங்கள் வசிக்கும் பொருட்டுச் சிறு சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டது.

சுவருக்கும் கூரைக்கும் உபயோகமானது இப்பிரதேசத்துச் சுண்ணாம்புக் கல்லே. சுவரைவிடக் கூரையே நின்று நோக்கத்தக்கது: கல் ஓடு பாரம் மிக்கது, சற்றே நீரை உறிஞ்சும் சுபாவமும் உடையது ஆதலால், மழைநீர் தங்காது விரைந்து வழியுமாறு சரிவைச் செங்குத்தாக்கி, இறவாரத்தில் பெரிய கற்களும் முகட்டை நெருங்க நெருங்கச் சிறியனவுமாக, மீன் செதிலைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கியிருக்கிறார்கள். கூரைக்குள்ளேயே மேல்மாடத்து அறைகள் வேண்டியிருந்தமையால், சன்னல்கள் தமக்கெனச் சிறு முக்கோண முகப்புகளோடு கூரையைப் பிளந்து எழுகின்றன. காண்போர் வியக்கும் இச்சௌந்தரியத்தில் பெரும்பகுதி, அலங்காரத்தை உத்தேசியாமல் அவசியத்தால் விளைந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இங்கு நெய்த துணி, அருகிலுள்ள ஆர்லிங்டன் ஆலையில் நீரில் அடித்துத் திண்மையாக்கப்பட்டது. எதிரேயுள்ள ராக் ஐல் என்னும் ஈரநிலம், துணி உலர்த்தும் சட்டங்கள் நின்ற இடம்.

பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பிலுள்ள இவ்வீடுகளில் இன்றும் மனிதர் வசிப்பதால், சன்னல்களின் வழியே எட்டிப் பார்க்கலாகாது.