உஷார்! பயிற்சிச் சான்றிதழ் மூச்சு கொடுக்காது

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் பாட்டிமார்கள், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே "பிள்ளை அழுதுச்சா?" என்று கேட்பார்கள். பல பிரசவங்களைப் பார்த்த வாயிலிருந்து வரும் கேள்வி அது. நூறு குழந்தைகள் பிறந்தால் சுமார் 85 குழந்தைகள் அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்சுவிட்டு அழுதுவிடும். இன்னும் பத்துக் குழந்தைகளை நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மிச்சம் நாலைந்து குழந்தைகள்தான் பேச்சு மூச்சில்லாமல் துவண்டு கிடக்கும். கையால் அமுக்கும் ஆம்பு பையும் மாஸ்க்கும் வைத்து அவற்றின் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தியாக வேண்டும். அதுவும் முதல் நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் 2010-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 'ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. பெரிய கருவிகள் இல்லாத ஊர்களிலும் பிரசவம் பார்ப்பவர்கள் கற்றுக்கொள்ளும்படி, படங்களும் ஒரு பொம்மையும் வைத்து எளிமையாக அமைத்தார்கள். 80-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. 'இந்தியாவிலும் 2009 முதல் அரசே நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்கிரமம் என்று இரண்டு நாள் பயிற்சி தருகிறது, பிறகென்ன பயம்?' என்று கேட்கத் தோன்றும். எனக்குப் பயமாக இருப்பதே அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்.

தான்சானியாவின் வடக்கே, நகரங்களுக்கு வெகுதொலைவில், ஹைடம் என்ற ஊரில் ஒரு லூத்தரன் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. 2010-ல் அங்கிருந்த பிரசவ அறை ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது செய்முறையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதே அறையில் உண்மையான பிரசவங்களைக் கூடவே நின்று கவனித்துக் குறித்துவந்தவர்களின் ஏட்டில் அந்த முன்னேற்றத்தைக் காணோம். முதல் 24 மணி நேரத்தில் குழந்தைகள் இறப்பதும் குறையவில்லை. பொம்மையிடம் பழகிய கை, வழுக்கும் ஈர உடம்பும் தாயின் ரத்தப்போக்கும் பக்கத்துக் கட்டிலின் கூக்குரலும் சேர்ந்த நேரத்தில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டது.

அடுத்த ஆண்டு அவர்கள் செய்த மாற்றத்துக்குப் பெரிய செலவே இல்லை. பொம்மையைப் பிரசவ அறைக்கே கொண்டுவந்தார்கள். வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம், வேலைக்கு நடுவிலேயே பயிற்சி. அவ்வளவுதான். முதல் நாளில் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 11 என்றிருந்தது 7-ஆகக் குறைந்தது. ஒரு நாள் வகுப்பால் ஆகாததை வாரத்துக்கு ஐந்து நிமிடம் செய்து காட்டியது.

இந்தத் திறமை அவ்வளவு சீக்கிரம் ஏன் கைநழுவுகிறது என்று கேட்பவர்கள் மாஸ்க் பிடிப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். குழந்தையின் தலை முன்னால் மடங்கினாலும் மூச்சுக்குழல் அடைபடும், அதிகமாகப் பின்னால் சாய்த்தாலும் அடைபடும். காற்றை முகர்ந்து பார்ப்பதுபோல் முகம் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். மாஸ்க் தாடை, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடையைத் தூக்கி மாஸ்க்கோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு நூலளவு இடைவெளி விட்டாலும் காற்று கன்னத்தோரமாகப் போய்விடும். பை அமுங்கும், சத்தம் வரும், பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். ஆனால் நெஞ்சு ஏறி இறங்காது. நெஞ்சு அசையவில்லை என்றால் எதுவும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மாஸ்க்கைத் திரும்ப வைத்து, தலையைச் சரிசெய்து, வாயைத் துடைத்து லேசாகத் திறந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 தடவை. மூன்று மாதம் செய்யாமல் விட்டால் இது யார் கையில்தான் நிற்கும்? இதில் நர்ஸம்மாக்களைக் குறை சொல்வது அநியாயம்.

தாமதத்தின் விலையையும் ஹைடமிலேயே கணக்கிட்டார்கள். பை பிடிப்பது தள்ளிப்போகும் ஒவ்வொரு 30 விநாடிக்கும், குழந்தை இறந்துபோகும் அல்லது நீண்ட நாள் வார்டில் கிடக்கும் ஆபத்து 16 சதவீதம் கூடியது. அந்த விநாடிகள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். வாயிலும் மூக்கிலும் குழாயை விட்டுத் திரும்பத் திரும்ப உறிஞ்சுவதில் கொஞ்சம் போகிறது. தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது, குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது என்று பழங்காலத்து வைத்தியத்தில் கொஞ்சம் போகிறது. இவற்றால் பலன் இல்லை, கெடுதல்தான். குழந்தையின் நிலையை அளக்கும் ஒரு நிமிடத்து அப்கார் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று நிற்பதும் ஆபத்து. மதிப்பெண் கூட்டி முடிப்பதற்குள் அந்த நிமிடமே போய்விடும். ஆக்சிஜன் சிலிண்டர் வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாத தாமதம். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்றைச் சொல்லும்போது மனம் பதறுகிறது. மூச்சும் அசைவும் இல்லாமல் வெளிறிப் பிறந்த குழந்தையை, நாடித்துடிப்பைப் பார்க்காமலே 'இறந்து பிறந்தது' என்று எழுதித் துணியில் சுற்றி வைத்துவிடுவதுண்டு. கர்நாடகத்தின் பெலகாவி பகுதியில் இதே பயிற்சியைக் கொடுத்தபின், பிரசவ நேரத்தில் இறந்து பிறந்ததாகப் பதிவான குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியானது. தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் அது 24 சதவீதம் குறைந்தது, முதல் நாள் மரணம் 47 சதவீதம் குறைந்தது. அப்படியானால் அதற்கு முன்பு துணியில் சுற்றப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்ததோ!

2022-ல் மட்டும் உலகில் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, பிறக்கும்போது மூச்சு முட்டியதால். இந்த நேரத்தில்தான் பணமும் வற்றுகிறது. 2010-ல் இந்தப் பயிற்சிக்குக் கைகொடுத்த கூட்டணியில் இருந்த அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்திவிட்டது. பெரிய வகுப்புகளும் வெளியூர்ப் பயிற்றுநர்களும் குறைந்தாலும், வாராந்தர ஐந்து நிமிடத்தை மட்டும் எந்த நாடும் கைவிட்டுவிடக் கூடாது. அதற்குத் தேவைப்படுவது தண்ணீர் நிரப்பிய ஒரு பொம்மையும், நினைவூட்ட ஒரு ஆளும்தான்.

மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆம்பு பையைக் களவு போகுமென்று பீரோவில் பூட்டி, சாவியைப் பகல் டூட்டி சிஸ்டரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் பிள்ளை பிறக்கும். பை கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், 0, 1 என்ற இரண்டு அளவு மாஸ்க்கோடும்.

இன்று ராத்திரி டூட்டிக்குப் போகிற சிஸ்டர்களே, முதல் பிரசவத்துக்கு முன்பே அந்தப் பையை எடுங்கள். மாஸ்க்கை உள்ளங்கையில் இறுக்கி வைத்து ஒரு அமுக்கு அமுக்குங்கள். கையில் அழுத்தம் தெரிகிறதா, வால்வு சீறுகிறதா, விட்டதும் பை பழையபடி உப்புகிறதா என்று பாருங்கள். உப்பவில்லை என்றால், கர்ப்பிணி கட்டிலில் ஏறுவதற்குள் வேறு பை கேட்டு வாங்கிவிடுங்கள்.