படம் வராத ராஸ்பெர்ரி பை

ராஸ்பெர்ரி பை பலகையில் லினக்ஸ் ஏற்றி, டிவியோடு இணைத்து, மின்சாரமும் கொடுத்தாயிற்று. திரை இருட்டாகவே இருக்கிறது. உடனே பலரும் மெமரி கார்டைக் கழற்றி, அழித்து, முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு மாணவரின் புராஜெக்ட், மாதக்கணக்கில் சென்சார் சேர்த்த அளவீடுகள் எல்லாம் அதோடு போய்விடும். இத்தனைக்கும் பல நேரங்களில் உள்ளே லினக்ஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்; படம் மட்டும்தான் வெளியே வந்திருக்காது.

பையில் முதலில் விழிப்பது லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் செயலி அல்ல. அதே சில்லுக்குள் இருக்கும் வீடியோகோர் என்ற வரைகலைப் பகுதிதான் கார்டைப் படித்து, லினக்ஸின் கருவான கர்னலை நினைவகத்தில் வைத்துவிட்டு, பிறகு ஏஆர்எம் செயலியை எழுப்புகிறது. எந்தப் படியில் நின்றுபோனது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பலகையே துப்புக் கொடுக்கிறது. சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் மின்சாரம் போதவில்லை. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜர் தாங்காது. பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி நின்று மறுபடி சிமிட்டினால் வீடியோகோருக்கான தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் கர்னல் கிடைக்கவில்லை. வானவில் நிறச் சதுரம் வந்து அப்படியே உறைந்துவிட்டதா? கேபிளும் டிவியும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேட வேண்டிய இடம் கர்னல்.

பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ வாயில்கள் உண்டு. யூஎஸ்பி-சி மின்வாயிலை ஒட்டி இருப்பதுதான் முதலாவது. கேபிளை அதில் செருகுங்கள். டிவியை முதலில் போட்டுவிட்டு, பிறகு பலகைக்கு மின்சாரம் கொடுங்கள். எதிரில் திரை இருக்கிறதா, அது என்ன அளவு என்று பை தொடக்கத்திலேயே விசாரிக்கும். பதில் வராவிட்டால் படம் அனுப்பாமல் விட்டுவிடலாம். பதிலுக்குக் காத்திருக்காமல் படத்தை அனுப்பு என்று கட்டாயப்படுத்தவும் வழி உண்டு. ஆனால் இங்கேதான் பழைய குறிப்புகள் ஆளைக் கவிழ்க்கின்றன. 2021-இல் வந்த புல்ஸ்ஐ என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து திரையை ஆள்வது லினக்ஸ் கர்னலின் சொந்த டிரைவர். அதனால் கான்ஃபிக் கோப்பில் எழுதிவந்த பழைய எச்டிஎம்ஐ வரிகளை அது கண்டுகொள்வதில்லை. இப்போது வாயிலின் பெயரையும் திரை அளவையும் கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில்தான் சேர்க்க வேண்டும். அந்த வரியை உடைத்து இரண்டாக்கிவிடக் கூடாது.

மற்ற ஏஆர்எம் பலகைகளில் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். எந்தச் சாதனம் எங்கே இணைந்திருக்கிறது என்று தானாகச் சொல்லும் ஏற்பாடு பிசியில் உண்டு; பெரும்பாலான ஏஆர்எம் பலகைகளில் கிடையாது. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகக் கர்னலில் குறியீடு குவிந்ததைக் கண்டு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் 2011-இல் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதன் பிறகு டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பு ஏஆர்எம் உலகில் வேரூன்றியது. பக்கத்து மாடலின் விவரக் கோப்பை ஏற்றிவிட்டால் கர்னல் ஓடும், திரை மட்டும் விழிக்காது.

இத்தனைக்கும் பிறகு என் நம்பிக்கை முழுவதும் ஒரு மலிவான கருவி மேல்தான்: யூஎஸ்பி சீரியல் கேபிள். பையின் 6-ஆம் பின்னில் கிரவுண்ட், 8-இல் பலகை பேசும், 10-இல் கேட்கும். கான்ஃபிக் கோப்பில் சீரியலை இயக்கி, 115200 வேகத்தில் லேப்டாப்பில் திறந்தால் கர்னல் எழுந்துவரும் ஒவ்வொரு வரியும் ஓடும். எங்கே நின்றது என்று யூகிக்கவே வேண்டாம். கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்கட்டும். 5 வோல்ட் சிக்னல் பட்டால் பின்கள் பழுதாகிவிடும்.

கல்லூரி ஆய்வகங்களுக்குப் பலகை வாங்கும் ஆசிரியர்களே, இந்தக் கேபிளையும் பட்டியலில் சேருங்கள். கார்டை அழிப்பதற்கு முன் அதைச் செருகிப் பார்க்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.