விருப்பும் வெகுளியும்

மக்கள் கூடுதற்கு உறவு ஒரு காரணம். ஒத்த ஈடுபாடு மற்றொன்று. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே சந்நிதியில் வழிபடுவது பின்னதன்பாற்படும். முகநூலும் இவ்விரண்டையும் நாடியே அமைந்தது. ஆயின் ஈடுபாட்டை எங்ஙனம் அளப்பது?

முகநூல் 2009இல் ‘விருப்பம்’ என்னும் பொத்தானை அமைத்தது. 2016இல் அன்பு, நகைப்பு, வியப்பு, துயர், சினம் என்னும் குறிகளைச் சேர்த்தது. எப்பதிவை முன்வைப்பது எனக் கணிக்குங்கால், 2017 முதல் இக்குறி ஒவ்வொன்றும் ஐந்து விருப்பங்களுக்கு ஒப்பாக எண்ணப்பட்டது. ஆகவே சினமூட்டிய பதிவும் பலர் நாடிய பதிவென மதிக்கப்பெற்று, மேலும் பலரைச் சென்றடைந்தது. 2020இலேயே சினத்தின் எடை பூச்சியமாக்கப்பட்டது.

சினம் எத்துணை விரைந்து பரவும் என்பதைச் சிலாபம் அறியும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், 2019 மே 12ஆம் நாள், அங்குள்ள முஸ்லிம் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியம் அச்சுறுத்தலெனப் பிறழ உணரப்பட்டது. அதன் படம் பரவிற்று. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அரசு சமூக வலைத்தளங்களைத் தடைசெய்தது, கலவரமோ அடங்கவில்லை. அன்று புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார்.

எதிர்வினையின் மிகுதி பொருளின் தெளிவுக்குச் சான்றன்று. வாக்கியத்தின் பொருளை வினவியறியச் சிறிது பொழுது வேண்டும். சினத்திற்கோ ஒரு கணம் போதும். ஆதலின் வலைத்தளத்தைத் திருத்தியமைப்போர் விரைவை எண்ணாது, ஒரு பொருளை நாடி மீண்டும் வருவதையும், முழுதும் படித்து மறுமொழி கூறுவதையுமே எடையிடல் வேண்டும். பன்மொழியினர் அருகருகே வாழும் கரையில் இது உயிர்காக்கும் அளவையாகும்.