பாறை ஏறப் போகிறீர்களா? முதலில் விரலைக் கவனியுங்கள்!

கிரேக்க நாட்டில் காலிம்னோஸ் என்று ஒரு குட்டித் தீவு. கடலில் மூழ்கி பஞ்சு எடுப்பதுதான் ஒரு காலத்தில் ஊருக்கே பிழைப்பு. இப்போதோ உலகம் பூராவும் இருந்து ஆட்கள் கயிறும் கையுமாக வந்து இறங்குகிறார்கள்! 1996-ல் அங்கே போன ஆந்த்ரேயா தி பாரி என்ற இத்தாலியர், செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறைகளைப் பார்த்து அசந்து போனார். அப்புறம் திரும்பி வந்து, பாறையில் துளை போட்டு, போல்ட் பதித்து, ஏறுவதற்கு வழிகள் அமைத்தார். இன்று அங்கே ஆயிரக்கணக்கான வழிகள்.

போக ஆசையா? டிக்கெட் எடுப்பதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே உடம்பைத் தயார் செய்ய ஆரம்பியுங்கள். ஏன் அவ்வளவு முன்னால்?

விஷயம் விரலில் இருக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி விரல் நுனிவரை ஓடுகின்றன. அவை எலும்பை விட்டு விலகாமல் சின்னச் சின்ன வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தூண்டில் கம்பில் நரம்பு ஓட வளையம் இருக்குமே, அதே ஏற்பாடுதான். உடம்பின் எடை முழுவதும் அரை அங்குல விளிம்பில் தொங்கும்போது இந்த வளையம் அறுந்து போகலாம். பெரும்பாலும் மோதிர விரலில், அடிப்பக்கத்தில். சில சமயம் 'டப்' என்று சத்தமே கேட்கும்! அத்தோடு ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். "கொஞ்சம் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஏறிடலாம்" என்பது அசட்டுத் தைரியம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி செய்தால் தசை சில வாரங்களில் பலமாகிவிடும். தசைநாணும் வளையமும் மெதுவாகத்தான் தேறும். புதிதாக ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. விரல் எலும்பின் வளரும் பகுதியிலேயே விரிசல் விழலாம். பையன் விரல் கணு வலிக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம்.

அங்கே போனபின் இரண்டு நாள் ஏறினால் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு எதிரே இருக்கும் டெலெண்டோஸ் தீவுக்குப் படகில் போய் வரலாம். மிகானிகோஸ் என்ற நடனம் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். 1860-களில் மூழ்கும் உடை வந்ததும், பஞ்சு எடுப்பவர்கள் மேலும் ஆழம் போய், சட்டென்று மேலே வந்தார்கள். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி பலர் முடமானார்கள், செத்தும் போனார்கள். கால் நடுங்க ஆடும் அந்த நடனம் அவர்களைப் பற்றியதுதான்.

ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல சமயம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் வேண்டவே வேண்டாம்! மஸூரி கிராமத்துக்கு மேலே உள்ள பாறைகள் பெரும்பாலும் மேற்குப் பார்த்தவை. மதியம்வரை நிழல் இருக்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கயிறு 70 மீட்டருக்குக் குறையக் கூடாது. 80 மீட்டர் என்றால் நிம்மதி. 38 மீட்டர் ஏறியவரை இறக்க 76 மீட்டர் வேண்டுமே! கயிறு போதாமல் அதன் நுனி, கீழே நிற்பவரின் கருவியிலிருந்து நழுவினால் ஆள் விழுவார். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும், இந்த ஆபத்து இல்லை. ஹெல்மெட்டும் அவசியம். மேலே திரியும் ஆடுகள் கல்லைத் தட்டிவிடும்!

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும். பி.பி., இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஆனால் பல பாலிசிகளில் பாறையேற்றம் சேராது. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு அங்கே போன் நம்பர் 112.

பக்கத்துத் தீவான கோஸில் விமானம் இறங்கி, மஸ்திகாரி துறையில் படகு பிடித்தால் ஒரு மணிக்குள் காலிம்னோஸ். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. ஆகவே திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே கோஸ் வந்துவிடுங்கள்.