கோடிங் இன்டர்வியூ: தானாகக் கற்ற பிள்ளைகள் தடுமாறுவது எங்கே?

பி.காம். முடித்தவர், பி.ஏ. படித்தவர், பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு அத்தாவின் கடையில் நிற்பவர் என்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் சிலர் இரவு நேரங்களில் யூடியூப் பார்த்தே பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் கற்று வருகிறார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து, சிறியதாக ஒரு செயலியோ இணையதளமோ செய்து காட்டும் அளவுக்கு வந்தும் விடுகிறார்கள். பிறகு சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ விண்ணப்பிக்கிறார்கள். இன்டர்வியூ வருகிறது. அரை மணி நேரத்தில் தோற்றுத் திரும்புகிறார்கள்.

“இதெல்லாம் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத்தான்” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த இன்டர்வியூவில் என்ன கேட்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அவசரமாக அந்த முடிவுக்கு வர மாட்டோம்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு ஒருவர் வேலை கேட்டுப் போனால் மார்க் ஷீட்டையா முதலில் கேட்கிறார்கள்? வெல்டிங் வைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். கோடிங் இன்டர்வியூவும் ஏறக்குறைய அதுதான். ஒரு சிறிய கணக்கைக் கொடுத்து, கண் முன்னால் நிரல் எழுதச் சொல்கிறார்கள். 2007இல் இம்ரான் கோரி என்ற மென்பொருளாளர் இதற்காக ஒரு எளிய கேள்வியை எழுதி வைத்தார். 1 முதல் 100 வரை எண்களை அச்சிட வேண்டும். 3ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் ‘ஃபிஸ்’, 5ஆல் வகுபடுவதற்கு ‘பஸ்’, இரண்டாலும் வகுபட்டால் ‘ஃபிஸ்பஸ்’. கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களிலும் பலர் இதில் திணறியதுதான் அன்று பெரிய பேச்சானது. இன்று பல நிறுவனங்கள் முதல் சுற்றுத் தேர்வை நடத்தும் ஹேக்கர்ரேங்க் தளத்தைத் தொடங்கிய இருவருமே திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள். (அல்காரிதம் என்ற சொல்லே பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சரிதான். இன்டர்வியூவில் அதற்கு மார்க் கிடையாது.)

அடிக்கடி வரும் ஒரு கேள்வியை நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். 6 நாள் முட்டை விலை பைசாவில் இப்படி இருக்கிறது: 480, 455, 470, 510, 495, 530. ஏதோ ஒரு நாள் வாங்கி, அதற்குப் பிந்தைய ஒரு நாளில் விற்க வேண்டும். அதிகபட்ச லாபம் எவ்வளவு? (முட்டை கெட்டுப்போகுமே என்ற கவலை இப்போது வேண்டாம்.)

455க்கு வாங்கி 530க்கு விற்றால் லாபம் 75 பைசா. விடையைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆனால் கேட்பது விடையை அல்ல, வழியை. ஒவ்வொரு நாளையும் அதற்குப் பின்வரும் எல்லா நாட்களோடும் ஒப்பிடுவது ஒரு வழி. 6 நாளுக்கு 15 ஒப்பீடுகள் போதும். 1,000 நாளுக்கு? 4,99,500 ஒப்பீடுகள். அடுத்த வழி, பட்டியலை ஒரே ஒரு முறை படித்துக்கொண்டே போவது. இதுவரை பார்த்ததில் குறைந்த விலை எது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இன்றைய விலையிலிருந்து அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இதுவரை கிடைத்த லாபத்தைவிட அதிகம் வந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1,000 நாள் என்றால் 1,000 அடிகளில் முடிந்துவிடும். நல்ல வியாபாரி மனதுக்குள் செய்வதும் இதைத்தானே!

இன்டர்வியூ எடுப்பவர் இதில் நான்கைந்து விஷயங்களைக் கவனிப்பார். எழுதத் தொடங்கும் முன் பையன் கேள்வி கேட்டானா? ‘விலை தினமும் இறங்கிக்கொண்டே போனால் என்ன விடை தர வேண்டும், பூஜ்யமா?’ என்பது நல்ல கேள்வி. முதலில் எளிய வழியைச் சொல்லி, அது ஏன் மெதுவானது என்று தானே விளக்கினானா? எழுதிய பிறகு ஒரு சிறிய பட்டியலைப் போட்டுச் சரிபார்த்தானா? சிக்கிக்கொண்டபோது கொடுத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டானா? எங்கோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாய் திறக்காமல் 20 நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தால்தான் காரியம் கெடும்.

தானாகக் கற்றவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவர் கற்றதெல்லாம் தனியாக. தவறு வந்தால் கூகுளில் தேடி, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்துப் பழகியவர். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லும் சந்தர்ப்பமே அவருக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேருக்கு ஒரே மாதிரிக் கேள்வி. ஒரு பிரிவினர் தனி அறையில் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியாக எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள்! சிறிய ஆய்வுதான். ஆனாலும் தோற்று வந்த பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு மூளை இல்லை’ என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹிஃப்ளு மதரஸா உள்ள ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் தங்குதடையின்றி ஓதும் பிள்ளை, முதல் வருடம் தராவீஹுக்கு முன்னால் நிற்கும்போது தெரிந்த ஆயத்திலேயே தடுமாறும். அதற்குத்தான் தினமும் உஸ்தாதிடம் சபக் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். மனதில் இருப்பது ஒன்று, ஆள் முன் வாய்க்கு வருவது இன்னொன்று. கோடிங் கற்கும் பிள்ளைக்கும் ஒப்பிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அக்காவோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் 30 நிமிடம் வைத்து, “இப்ப என்ன செய்யறே, ஏன் அப்படிச் செய்யறே?” என்று கேட்டாலே போதும். முதலில் தமிழில் சொல்லிப் பழகட்டும், பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில். வாரம் மூன்று முறை, காகிதத்தில் எழுதி, கணினி தொடாமல். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை, ஹேக்கர்ரேங்க், லீட்கோடு போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்வதைவிட, பட்டியல், சரம், அகராதி, அடுக்கு, வரிசை, தேடல் ஆகிய அடிப்படைகளில் 60, 70 கேள்விகளைப் பிறருக்கு விளக்கும் அளவுக்குப் புரிந்துகொள்வதே மேல் என்பது என் கருத்து. மதிப்பெண்ணுக்காக விடையை அப்படியே ஒப்பித்துப் பழகிய நாமக்கல் பள்ளிப் பாணி இங்கே செல்லாது. கேள்வியில் ஒரு வரியை மாற்றிக் கேட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

சரி, பட்டம் இல்லாதவரை யார் கூப்பிடுவார்கள்? உண்மையைச் சொல்ல வேண்டும். பெரிய சேவை நிறுவனங்கள் பலவற்றில் பட்டம் இல்லாத விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும். ஆனால் தமிழ்நாட்டிலேயே வேறு மாதிரி நிறுவனமும் இருக்கிறது. ஸோஹோ, பட்டத்தைக் கட்டாயமாக்காமல் ஆள் எடுப்பதற்குப் பெயர் பெற்றது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து 2 ஆண்டு பயிற்சி தரும் பள்ளியை அது பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அதன் நேரடித் தேர்வுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் வடிவம் இது: முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு சிறு நிரல்கள், அதன்பின் ரயில் டிக்கெட் முன்பதிவு அல்லது கால் டாக்சி போன்ற ஒரு சிறிய அமைப்பையே சில மணி நேரத்தில் கட்டச் சொல்வது. சொந்தமாகச் செயலி செய்து பழகிய பிள்ளைக்கு இந்தக் கடைசிச் சுற்று பயமுறுத்தாது. சேலத்திலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டிருக்கிறது. சிறிய நிறுவனங்கள் பக்கத்திலேயே வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது. அங்கெல்லாம் செய்து காட்டிய வேலைக்குச் சான்றிதழைவிட மதிப்பு அதிகம்.

பட்டமும் வேண்டும் என்பவர்கள் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பைப் பார்க்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூ முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். இடையில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். கடையில் நின்றுகொண்டே படிக்கலாம்.

பணம் கேட்பவர்கள் விஷயத்தில் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். ‘இப்போது ஒரு பைசா வேண்டாம், வேலை கிடைத்ததும் கட்டுங்கள்’ என்ற விளம்பரத்தோடு வரும் பயிற்சிகளின் தாள்களைப் படித்துப் பாருங்கள். உள்ளே ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் மாதத் தவணையும் இருந்தால் அது வட்டிக் கடன்தான். பெயரை மாற்றினால் வட்டி வட்டி இல்லாமல் போய்விடாது. அமெரிக்காவில் புளூம்டெக் என்ற கோடிங் பள்ளி, ‘இது கடனே அல்ல, வருமானப் பங்கு’ என்று சொல்லித்தான் மாணவர்களைச் சேர்த்தது. அது கடன்தான், ஒவ்வொன்றிலும் சராசரியாக 4,000 டாலர் நிதிக் கட்டணம் மறைந்திருந்தது என்று 2024 ஏப்ரலில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்து, அந்தப் பள்ளி இனிக் கடன் கொடுக்கவே தடை விதித்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்ற விளம்பரமும் பொய். உண்மையில் 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

‘2 வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகள் இன்னும் ஆபத்தானவை. பொய் என்பதோடு, மாட்டிக்கொள்ளும் பொய்யும்கூட. வேலையில் சேர்ந்த பிறகு பி.எஃப். கணக்கு எண்ணை வைத்தே பழைய வேலைகளைச் சரிபார்க்கிறார்கள். ஆன்லைன் இன்டர்வியூவில் ஏ.ஐ. கருவியை ஒளித்து வைத்து விடை படிப்பதும் இதே கணக்குதான். அது பரவியதால்தான் கூகுள் போன்ற நிறுவனங்களே மறுபடி நேரில் கூப்பிடத் தொடங்கியிருக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே முதல் சுற்றுகளை எழுத முடிவது ஒரு வசதி. அந்த ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி, சமையலறைக்கோ வாசலுக்கோ கூப்பிடாமல் இருப்பது வீட்டாரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மதியம் நேரம் கொடுத்தால், ஜும்ஆவுக்காக வேறு நேரம் கேட்டு முதல் நாளே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

தோற்றுத் திரும்பிய அன்று இரவே கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், எங்கே வாய் நின்றது என்பதையும் சேர்த்து. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கப் பல இடங்களில் வழி உண்டு. இரண்டாவது முறை போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.