கற்கும் ஆர்வம்: தூண்டுவதும் தக்கவைப்பதும்

"என் மகனுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை" என்று வருந்தும் பெற்றோர் நம்மிடையே பலர். அதே பிள்ளை கிரிக்கெட்டில் இன்னும் எத்தனை பந்தில் எத்தனை ஓட்டம் வேண்டும் என்பதை மனக்கணக்காகச் சொல்வான். அறியும் ஆவல் அவனிடம் இருக்கிறது. அது பாடத்தின் பக்கம் திரும்பாவிட்டால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடை வேலைக்குப் போய்விடும் நிலை வருகிறது. ஆவலைத் திருப்புவதில் ஆசிரியரின் பங்கு பெரிது.

கேள்வியில் தொடங்குதல்

ஆவியாதல் பாடத்தை இலக்கணம் சொல்லித் தொடங்கினால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். "தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வெப்பம் வேண்டும். கொடியில் காயும் துணி கொதிக்கவில்லையே, அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டால் யோசிப்பார்கள். விகிதக் கணக்குக்குப் பிரியாணியே போதும்: ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சி என்றால் ஏழு கிலோ அரிசிக்கு எவ்வளவு?

பொறுத்திருத்தல்

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஒன்றைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் விரிவாக வந்தன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். தவறான பதிலைக் கேலி செய்யாமல், "எப்படி யோசித்தாய்?" என்று கேட்பதும் இதைப் போன்றதே. ஒருமுறை அவமானப்பட்ட பிள்ளை மறுமுறை கை தூக்கத் தயங்கும்.

முன்னேற்றத்தைக் காட்டுதல்

தூண்டிய ஆர்வம் நிலைக்க, "என்னால் முடிகிறது" என்ற நிறைவு அடிக்கடி கிடைக்க வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணிப்படியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொண்டது. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் ஏறினார்கள்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மெதுவாகக் கற்கும் மாணவரிடம், "சென்ற வாரம் பத்தில் மூன்று கணக்கு சரி, இந்த வாரம் ஐந்து" என்று நோட்டைப் புரட்டிக் காட்டலாம். பக்கத்து மாணவரோடு ஒப்பிடுவது சோர்வையே தரும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பள்ளியில் எழும் ஆர்வம் வீட்டில் அணைந்துவிடக் கூடாது. மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், "இன்று படித்ததை எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அதிகம் படிக்காத உம்மாவும் வாப்பாவும்கூட இதைச் செய்யலாம். பிறருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். புரியாததை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.