மதுரை டு துபாய், சிங்கப்பூர்: எவ்வளவு தூரம்? டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை எப்படி கணக்கு பண்ணணும்?

டி. கல்லுப்பட்டி பக்கம் பல வீடுகளில் ஒருத்தராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார். இதில் எது நமக்குப் பக்கம்? பலரும் யோசிக்காத விஷயம், மதுரையில் இருந்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். வான்வழியாக நேர்க்கோட்டில் துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. நேரடி விமானம் என்றால் எந்தப் பக்கம் போனாலும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கிறதே, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்று கேட்கலாம். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். பாதை மாறினாலும் நேரம் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியில் இருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதானது. மதுரை - துபாய் பாதை அரபிக்கடல் மேல் போவதால் நமக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

கடிகாரம் செய்யும் குழப்பம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். கணக்குக்கு 4 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் பகல் 12 மணிக்கு ஏறினால் துபாயில் இறங்கும்போது அங்கே 2.30. சிங்கப்பூர் என்றால் மாலை 6.30. இரண்டிலும் இங்கே வீட்டுக் கடிகாரத்தில் 4 மணிதான். "ஆறரைக்குத்தான் இறங்குவான்"னு வீட்டில் காத்திருக்க வேண்டாம், நாலு மணிக்கே போன் வரலாம்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

திருச்சி, சென்னையில் இருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் உண்டு. டிக்கெட்டில் "15-ம் தேதி 00.30" என்று இருந்தால், 14-ம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்கணும். 15-ம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும், டிக்கெட் காசும் போச்சு.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே போகச் சொல்கிறார்கள். பொதுவாக 1 மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். கல்லுப்பட்டியில் இருந்து திருமங்கலம், கப்பலூர் டோல்கேட் வழியாக மதுரை விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் என்றால் திருமங்கலத்துக்கு மட்டும் கூடுதலாக அரை மணி நேரம்.